பரிசுப் பையில் படக்கதை எதற்கு?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் நம் பள்ளியில் வழக்கமாகக் கொடுப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிண்ணம், ஓர் அகராதி, ஒரு திருக்குறள் உரை, வண்ணப் பென்சில் பெட்டி. இந்த ஆண்டு பரிசுப் பையில் வேறு சில புத்தகங்களும் சேர்ந்திருக்கின்றன. படக்கதைகள் இருக்கின்றன, இயந்திர நாய் வருகிற நாவல் இருக்கிறது, மர்மக் கதை இருக்கிறது. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே சில பெற்றோர் கேட்டு விட்டார்கள். "என்ன சார், முதல் பரிசு வாங்குற பிள்ளைக்குப் போயி பொம்மைப் புஸ்தகமா?" என்றார் ஒரு தகப்பனார். "இல்லாததும் பொல்லாததும் படிச்சா பாடம் ஏறுமா?" என்று ஓர் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்விகள். பணம் கொடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. நூல்நிலையத்தைப் பார்த்துக் கொள்கிறவன் நான் என்பதால், "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்று தலைமையாசிரியர் என்னை மேடையில் ஏற்றி விட்டார். பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் கையில் ஒலிபெருக்கி கிடைத்தால் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

முதலில் நம் பிள்ளைகள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லி விடுகிறேன். நிலாம் வாசிப்புத் திட்டத்துக்காகப் படித்த புத்தகத்தின் பெயரையும் சுருக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும் அல்லவா? அலமாரியைத் திறந்தால் பிள்ளைகளின் கை போவது ஆக மெல்லிய புத்தகத்துக்குத்தான். கதை நல்லதா என்று யாரும் பார்ப்பதில்லை, பக்கம் குறைவா என்றுதான் பார்க்கிறார்கள். முன்பு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, அதற்காவது புரட்டினார்கள். 2021இல் அந்தத் தேர்வை எடுத்து விட்டார்கள். எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "இனி எதுக்கு சார் படிக்கணும்?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்குத் தேர்வைக் காட்டிப் பதில் சொல்ல இப்போது வழி இல்லை. விருப்பத்தோடு படிக்க வைத்தால்தான் உண்டு. அதனால்தான் இந்தப் புத்தகங்களை நானே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். நல்லது எது, சுமார் எது, யார் கையில் எதைக் கொடுக்கலாம் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

இல்லாததைக் கற்பனை செய்து சொல்லும் கதை ஏதோ வெள்ளைக்காரன் கொண்டு வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் குடியிருக்கிற மண்ணையே பாருங்கள். இந்தக் கெடா மாநிலத்தின் பழங்கதை 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'. அது கருடன் ஒன்று நபி சுலைமானிடம் சவால் விடுவதில் தொடங்குகிறது. ரோம் நாட்டு இளவரசனும் சீன நாட்டு இளவரசியும் மணப்பதைத் தடுத்துக் காட்டுகிறேன் என்கிறது கருடன். அதே மரபில் வருகிறான் கோரைப்பல் அரசன், ராஜா பெர்சியோங். சமையல்காரி கீரை நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டு, இரத்தம் குழம்பில் விழுந்து விடுகிறது. அரசன் சாப்பிட்டுப் பார்க்கிறான். ருசி பிடித்துப் போகிறது. அப்புறம் மனித இரத்தம் கேட்கிறான், கோரைப்பல் முளைக்கிறது, மக்கள் எழுந்து அவனை விரட்டுகிறார்கள். பல்லைப் பிடுங்கி அவன் வீசிய இடம்தான் பாலிங் என்பார்கள்; மலாய் மொழியில் 'பாலிங்' என்றால் வீசுதல். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையைக் கொண்டு 1968இல் இது திரைப்படமாகவும் வந்தது.

இது வெறும் பேய்க்கதையா? குடிமக்களின் இரத்தத்தை ருசி பார்த்து விட்ட அரசனை என்ன செய்வது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதை நேராகக் கேட்டால் தலை போகும். பல் முளைத்த கதையாகச் சொன்னால் பாட்டியிலிருந்து பேரன் வரை வந்து சேரும். கற்பனைக் கதை செய்கிற வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன். நேராகப் பார்க்க முடியாததைச் சுற்றி வந்து பார்க்க வைக்கும். அப்படிப் பார்க்க வைத்தால் அது நல்ல கதை. வெறுமனே வாயைப் பிளக்க வைத்தால் சுமாரான கதை. நான் புத்தகங்களை எடை போட்ட தராசு இதுதான்.

இப்போது இயந்திர மனிதனுக்கு வருவோம். 'எந்திரன்' படம் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருப்பார்களா? 2010இல் அது வந்தபோது பட்டணத்துத் திரையரங்குக்கு வண்டி பேசிப் போன தோட்டங்கள் உண்டு. ஆனால் 'ரோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலம் என்போம். அது செக் மொழிச் சொல். காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் 1920இல் ஒரு நாடகம் எழுதினார். அதில் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வேலையாட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு 'ரோபோ' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவர் அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை.

கட்டாய உழைப்பு! இந்தச் சொல்லின் பொருள் தெரிந்த அன்று சிறிது நேரம் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தக் கூலியாய், பிறகு கங்காணியின் ஆளாய்க் கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். ஒப்பந்தக் கூலி முறை இங்கே 1910இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோக்களுக்குப் பெயர் இருக்கிறது, கை கால் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு ஆசை இருக்கக் கூடாது என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். பெரட்டுக்கு நின்ற நம் தாத்தாமார்களைப் பற்றியும் அப்படித்தானே நினைத்தார்கள்? ஆகவே ரோபோ கதை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்மைவிடச் சம்பந்தப்பட்டவர்கள் யார்?

தமிழில் அந்த வழியில் வந்த நாவல்தான் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. சுஜாதா ஒரு பொறியாளர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்தவர், இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு கொண்டவர், 2008இல் மறைந்தார். 'எந்திரன்' படத்து வசனத்திலும் அவர் கை உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் இந்த நாவல் தொடராக வந்தபோது, கதை நடக்கிற காலமாக அவர் வைத்தது 2021ஐ ஒட்டிய ஆண்டுகள். அப்போது படித்தவர்களுக்கு அது எட்டாத தூரம். இப்போது அந்த ஆண்டு நம் முதுகுக்குப் பின்னால் போய் விட்டது!

கதை என்னவென்றால், நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். மனிதர்களுக்குப் பெயர் இரண்டே எழுத்து. குழந்தை பெறுவதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அந்த வீட்டுக்கு ரவி என்பவன் ஒரு நாயோடு வந்து சேருகிறான். அந்த நாய்தான் ஜீனோ. இயந்திர நாய். அது பேசும், கேலி செய்யும், எல்லாவற்றையும்விட முக்கியமாகப் புத்தகம் படிக்கும். படிக்கப் படிக்க அதற்குச் சிந்தனை வருகிறது. சொன்ன வேலையைச் செய்வதற்காகப் பண்ணப்பட்ட ஒரு பொருள், "ஏன்?" என்று கேட்கத் தொடங்குகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. பரிசு வாங்கிய பிள்ளை என்னைச் சபிக்கும்.

இதில் குறை இல்லையா? உண்டு. தொடர்கதை என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் திடுக்கென்று முடிய வேண்டியிருக்கிறது. அதற்காகக் கதை சில இடங்களில் மூச்சு வாங்குகிறது. நிலா பாதி வரைக்கும் பயந்துகொண்டே இருக்கிறாள். நாய்க்கு இருக்கிற துணிச்சல்கூட அவளுக்கு வரத் தாமதமாகிறது. ஆங்கிலச் சொற்களும் அதிகம். இன்னொன்று, 2021 நமக்கு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார், படிக்க வேண்டிய பிள்ளைகள் மூன்று பேர். செம்பனை மரங்களுக்கு நடுவே லைன் கிடைக்கிற மேட்டைத் தேடி நின்று பாடம் அனுப்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். சுஜாதாவின் 2021இல் இயந்திரம் எங்கும் நிறைந்திருக்கிறது; ஒரு கருவியை மூன்று பேர் பங்கு போடுகிற வீடு என் கண்ணில் படவில்லை. எதிர்காலம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை என்பதை நம் பிள்ளைகள் எழுதட்டுமே! ஆறாம் ஆண்டு வகுப்பில் இதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன். இயந்திர நாய்க்கு நெட் கிடைக்காமல் அது ஒட்டுக்கடை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்துச் சிரித்தேன்.

இந்த நாவல் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், வாசிப்பில் கெட்டியான ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. அதைவிடச் சின்னவர்களுக்கு நம் சுங்கைப் பட்டாணி எழுத்தாளர், ஆசிரியர் கே. பாலமுருகனின் சிறுவர் மர்ம நாவல்கள் இருக்கின்றன. 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', 'மோகினி மலையின் இரகசியமும் பறக்கும் தேவதையும்'. தலைப்பைப் படித்ததுமே அலமாரியில் அடிதடி. எழுதியவர் நம்ம ஊர்க்காரர் என்று சொன்னபோது ஒரு பையன், "ஊர்லன்னா, கடையில பார்க்கலாமா சார்?" என்று கேட்டான். கதை எழுதுகிறவர் நம்மைப் போல் சந்தையில் மீன் வாங்குகிறவர் என்று தெரிவதே ஒரு பிள்ளைக்குப் பெரிய செய்தி. ஜெயமோகனின் 'பனிமனிதன்' நாவலையும் வாங்கி வைத்திருக்கிறோம். இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிற கதை. நடுநடுவே அறிவியல் செய்திகள் வருவதால், ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சிபாரிசு செய்வார்கள். பிள்ளைகளும் ஏமாற மாட்டார்கள்.

சரி, "பொம்மைப் புஸ்தகம்" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

இங்கே இருக்கிற அப்பாமார்களில் சிலர் சின்ன வயதில் 'இரும்புக்கை மாயாவி'யைச் சட்டைக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள்தான். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அதுதான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, கை மாறிக் கை மாறி, அட்டை போய், கடைசிப் பக்கம் போய், தோட்டத்துக்கு வந்து சேரும். கடைசிப் பக்கம் இல்லாததால் மாயாவி தப்பித்தானா என்பதே தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு!

அந்தக் கதை 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் இதழில் வந்தது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் கையை இழந்தவன், இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து விடும். இரும்புக்கை மட்டும் தெரியும். முதலில் அவன் கெட்டவனாகத்தான் கிளம்புகிறான். யாரும் பார்க்காதபோது மனிதன் என்ன செய்வான் என்ற பழைய கேள்வி அதில் இருக்கிறது. பிறகு அவனை உளவுப் படையில் சேர்த்து நல்லவனாக்கி விட்டார்கள். வியாபாரத்துக்கு அது நல்லது. கதைக்கு நட்டம் என்பது என் எண்ணம். படங்களுக்காக மட்டுமே இன்னொரு முறை பார்க்கலாம். கறுப்பு மையில் நிழல் விழுந்திருக்கும் விதத்தைச் சித்திரம் வரையும் பிள்ளைகள் உன்னித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பழைய படக்கதை என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது. மாயாவி என்றும் வேதாளர் என்றும் தமிழில் வந்த முகமூடி வீரர் ஃபேண்டம் இருக்கிறாரே, அவரை எடுத்துக் கொள்ளுங்கள். 1936இல் அமெரிக்கப் பத்திரிகையில் பிறந்தவர். காட்டுக்குள் மண்டையோட்டுக் குகை, மண்டையோட்டுச் சிம்மாசனம். அதில் உட்கார்ந்திருப்பது வெள்ளைக்காரர். அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று பரம்பரை பரம்பரையாக. சுற்றி நின்று கும்பிடுகிறவர்கள் கறுப்பு நிறத்துக் காட்டுவாசிகள். அவர்களுக்கு ஒரு வழக்கு என்றால் அவர்தான் வந்து தீர்க்க வேண்டும். இதைப் படிக்கும்போது மேட்டில் இருக்கிற துரை பங்களா ஞாபகத்துக்கு வருகிறதா, இல்லையா? சின்ன வயதில் நாமெல்லாம் துரையின் பக்கம் நின்றுதான் கைதட்டினோம். பிள்ளைகள் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்து முடித்ததும், "அந்தக் காட்டு சனங்களுக்குத் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்ளத் தெரியாதா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள் அப்பா. அது போதும்.

படக்கதை படித்தால் எழுத்து வராது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டத்தில் ஒருவன் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் மேசைமேல் இருந்த கிளாஸ் உடைந்து கிடக்கிறது. அடித்தானா, மேசையைக் குத்தினானா, பயந்து பின்வாங்கியவர் தட்டி விட்டாரா? இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு விரல்கூட அகலமில்லாத வெள்ளைக் கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் நடந்ததைப் படிக்கிற பிள்ளை தானே யோசித்து நிரப்ப வேண்டும். கருத்துணர்தல் என்று நாங்கள் வகுப்பில் பாடுபட்டுச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். என் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கூச்சப்படுகிற மாணவன் ஒருவன். பாடநூலைத் திறந்தால் வயிற்று வலி வந்து விடும். அவனிடம் படக்கதையைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்தான். ஊகித்தது சரியா என்று பார்க்க எழுத்தைப் படித்தான். மூன்று மாதத்தில் சபையில் நின்று வாசிக்கிற அளவுக்கு வந்து விட்டான் என்று சொன்னால் மிகையாகி விடும். ஆனால் வயிற்று வலி நின்று விட்டது.

நம் நாட்டுப் படப் புத்தகங்களில் 'கம்போங் பாய்' எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டியது. லாட் எழுதி வரைந்து 1979இல் வெளிவந்தது. பேராக்கில் ஒரு மலாய்க் கம்பத்தில் வளர்ந்த பையனின் கதை. அவர் சொந்தக் கதை. பையன் படிப்பை விட்டுவிட்டு ஈயம் அரிக்கப் போகிறான். அப்பா அவனை அழைத்துப் போய் ரப்பர் நிலத்தைக் காட்டி, படித்து முன்னேறினால் இது உனக்கு என்கிறார். கடைசியில் அவன் ஈப்போவுக்குப் படிக்கக் கிளம்புகிறான். பின்னால் விட்டுப் போகிற கம்பத்தின்மேல் ஈயக் கம்பெனியின் கண் விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கப் படம், அடியில் இரண்டே வரி. லயங்கள் உடைந்து, கோயிலும் பள்ளியும் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்பதைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் கடைசிப் பக்கங்களை நாம் வேறு மாதிரிதான் படிப்போம். மலாய்ப் பாடத்துக்கும் உதவும் என்பதை, கணக்குப் பார்க்கும் பெற்றோருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நான் ஆக அதிகமாகச் சொல்ல நினைப்பது 'பீமாயணம்' பற்றி. இன்று ஆறாம் ஆண்டின் முதல் பரிசுப் பையில் இருப்பது இந்தப் புத்தகம்தான். டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கைச் சம்பவங்களைப் படமாகச் சொல்வது. 2011இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் காலச்சுவடு வெளியிட்டது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கணவன் மனைவி. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி மக்களில் பர்தான் பிரிவினர். அந்த மக்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற கோலத்துக்கு 'டிக்னா' என்று பெயர். நம் அம்மாமார் வாசலில் போடுவது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். படக்கதை என்றால் கட்டம் போட வேண்டும் அல்லவா? இவர்கள் மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லி விட்டார்கள். கட்டத்துக்குப் பதிலாக அந்தக் கோலம் வளைந்து வளைந்து பக்கத்தைப் பிரிக்கிறது. தீண்டாமை பற்றிய கதையில் யாரையும் பெட்டிக்குள் அடைக்காமல் வரைந்திருக்கிறார்கள் பாருங்கள். ரயில் ஒரு பாம்பாக நெளிந்து போகிறது. பேச்சு வருகிற குமிழிகளைக் கவனிக்க வேண்டும். அன்பாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை உருவத்தில் இருக்கும். கொட்டுகிற பேச்சுக்குத் தேளின் கொடுக்கு வால் இருக்கும். எழுத்துத் தெரியாத பாட்டிகூடப் பக்கத்தைப் பார்த்தவுடன், யார் பேசியது சுடுசொல் என்று சொல்லி விடுவார்கள்.

அந்தக் கதையில் பள்ளிக்கூடத்துச் சிறுவன் பீம் தாகத்தோடு நிற்கிறான். குழாயை அவன் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1901இல் விடுமுறைக்கு அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். புதுச்சட்டை, புதுத்தொப்பி. ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாக விசாரிக்கிறார். சாதியைச் சொன்னதும் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்; தீட்டுக்குப் பயந்து வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பசியோடு இராத்திரியைக் கழிக்கிறார்கள். பிற்காலத்தில் வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்து பரோடாவில் பெரிய உத்தியோகம் பார்த்தபோதும் தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை.

இதை ஏன் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள், இந்த நாட்டில் அதெல்லாம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். குழாயில் இல்லைதான். தோட்டத்தில் எல்லாரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஆனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, "அவங்க என்ன ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறோமா, இல்லையா? அந்தக் கேள்வி பிள்ளைகள் காதில் விழத்தான் செய்கிறது. என் வகுப்பிலேயே ஒரு பிள்ளை அந்தச் சொல்லை இன்னொரு பிள்ளைமேல் எறிந்ததைக் கேட்டிருக்கிறேன். எங்கிருந்து கற்றது என்று விசாரிக்கப் போகவில்லை; பீமாயணத்தை எடுத்து வகுப்பு முழுவதும் சுற்ற விட்டேன். தேள்வால் குமிழியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாடநூலில் பத்துப் பத்தி எழுதினாலும் அந்த ஒரு குமிழி செய்கிற வேலையைச் செய்யாது. இது பொம்மைப் புத்தகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஈரான் நாட்டுப் பெண் மர்ஜானே சத்ரபி தன் சின்ன வயதுக் கதையைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் சொன்ன புத்தகத்தையும் விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டு வந்திருக்கிறது. 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்பது முதல் பகுதி. 1979 புரட்சியும் அதன் பின் வந்த போரும் ஒரு சிறுமியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்பது அது. சிறைக் கொடுமைகள் வருவதால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரியவர்கள் படியுங்கள். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே இரவில் முடித்து விடுவீர்கள்.

"பேய்க்கதை படித்தால் பிள்ளை இராத்திரி பயந்துக்குதே" என்றும் கேட்டார்கள். பயப்படும், உண்மைதான். இருட்டில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன தலைமுறைக்குப் பேய்க்கதை புதிதா? அன்றைக்குப் பயந்த பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு பாட்டி மீதிக் கதையைச் சொன்னாள். இன்றைக்குப் பிள்ளை தனியாகக் கைப்பேசியில் பார்த்துத் தனியாகப் பயப்படுகிறது. புத்தகமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் படிக்கலாம். எழுத்துத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். அதற்குப் படக்கதையை விட்டால் வேறு புத்தகம் இல்லை.

நேரம் ஆகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நடைமுறை விவரங்களைச் சொல்லி முடித்துக் கொள்கிறேன். இன்று நான் பேசிய புத்தகங்கள் எல்லாவற்றிலும் பள்ளி நூல்நிலையத்துக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கிறோம். இனி வியாழக்கிழமை தோறும் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் அலமாரி திறந்திருக்கும். வெள்ளி, சனி விடுமுறைக்கு எடுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வந்து கொடுக்கலாம். பெற்றோர்களும் தங்கள் பெயரிலேயே எடுக்கலாம், பிள்ளை பெயரில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இந்தப் பள்ளியில் பிள்ளை இல்லாத தோட்டத்து அண்ணன்மார், அக்காமாரும் வரலாம். கிழிந்தால் ஒட்டித் தருகிறோம், திட்ட மாட்டோம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் மட்டும் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொண்டு வாருங்கள்.